ஜெனரேட்டரை நானே பொருத்தினேன், ஒரு டப்பாவைத் தவிர

மூன்று நாள் தொடர்ந்து கரண்ட் இல்லாமல் கிடந்த பிறகுதான் வீட்டுக்கு ஜெனரேட்டர் வாங்குவது என்று முடிவானது. கயிற்றைப் பிடித்து இழுக்கிற சின்ன வகை இல்லை. வெளியே நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும், கரண்ட் போனால் தானே ஸ்டார்ட் ஆகும், வந்தால் தானே நிற்கும், அந்த வகை. பொருத்துவதற்கான கூலியைக் கேட்டதும் நாமே செய்தால் என்ன என்று தோன்றிவிட்டது. வீட்டு வயரிங் ஓரளவு தெரியும் என்கிற தைரியம் வேறு.

முதல் சறுக்கல் அளவில். ஃபிரிட்ஜ், ஃபேன், விளக்கு, தண்ணீர் மோட்டார் என எல்லாவற்றின் வாட்ஸையும் ஒரு தாளில் கூட்டினேன். மூன்றரை கிலோவாட்டுக்குக் கொஞ்சம் கீழே வந்தது. 5 கேவிஏ மெஷின் (வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்த அளவு), அதில் உண்மையில் வேலைக்கு வருகிற பங்கு, அதாவது பவர் ஃபேக்டர், 0.8 என்றால் 4 கிலோவாட், தாராளம் என்று கணக்குப் போட்டு ஆர்டர் கொடுக்க இருந்தேன். நண்பர் ஒருவர் தாளைப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல், வயரைச் சுற்றிப் பிடித்து ஆம்பியர் காட்டுகிற கிளாம்ப் மீட்டரைக் கையில் கொடுத்தார். மோட்டார் வயரில் மாட்டி சுவிட்சைப் போடச் சொன்னார். ஆறு ஆம்பியரில் ஓடுகிற மோட்டார், கிளம்பிய கணத்தில் முப்பதைத் தாண்டிவிட்டு இறங்கியது. 230 வோல்ட்டில் முப்பது ஆம்பியர் என்றால் ஏறத்தாழ 7 கேவிஏ. அந்த நொடியில் ஃபிரிட்ஜும் சேர்ந்து கிளம்பினால்? அன்றைக்கே 10 கேவிஏவுக்கு மாறினேன். அதற்காக இருபதுக்குப் போகவும் கூடாது. டீசல் எஞ்சினை எப்போதும் கொஞ்ச லோடில் ஓட்டினால் எண்ணெய் முழுக்க எரியாமல் புகைக்குழாயில் கறுப்பாகக் கசிய ஆரம்பிக்கும்.

மேடை போட்டது எனக்குப் பிடித்த வேலை. கான்கிரீட் கொட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஒரு வாரம் தண்ணீர் ஊற்றி வைத்தேன். மெஷினை இறக்க மட்டும் நாலு பேர் வந்தார்கள். அடியில் வைக்கிற ரப்பர் பேடில் ஒரு மூலையை மட்டும் அதிகமாக முடுக்கிவிட்டேன் போலிருக்கிறது. முதல் ஓட்டத்தில் வீட்டுச் சன்னல் கண்ணாடி எல்லாம் விர்ரென்று பேச ஆரம்பித்தது. போல்ட்டைத் தளர்த்தியதும் அடங்கியது.

கேபிள் இழுத்தேன், கேபிள் முனையில் லக் என்கிற உலோக முனையை வைத்து நசுக்கினேன், கண்ட்ரோல் வயரைத் தனிக் குழாயில் கொண்டுபோனேன். வீட்டை மெயினிலிருந்து ஜெனரேட்டருக்குத் தானே மாற்றுகிற ஆட்டோமேட்டிக் சேஞ்ச் ஓவர் டப்பாவிலும் எல்லாவற்றையும் கட்டி முடித்துவிட்டேன். ஆனால் மெயினோடு சேர்க்கும்போது கை வரவில்லை. அந்த இணைப்பை உரிமம் உள்ளவர்தான் செய்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது ஒரு பக்கம். பயம்தான் உண்மையான காரணம்.

வந்த எலக்ட்ரீஷியன் மெஷின் பக்கமே திரும்பவில்லை. டப்பாவைத் திறந்து டார்ச் அடித்து, "நியூட்ரல் எங்கே சார் மாறுது?" என்றார்.

மாறவில்லை. மெயினுடையது, ஜெனரேட்டருடையது என இரண்டு நியூட்ரலையும், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற வயர்களையும், ஒரே இணைப்புப் பட்டையில் போட்டு அழகாக முடுக்கி வைத்திருந்தேன். பேஸ் மட்டும்தான் மாறும். நாட்டுக்கு நாடு இதில் விதி வேறுபடும். என் வீட்டு அமைப்புக்கு இரண்டும் சேர்ந்தே மாற வேண்டும். அதைப் பிரித்துக் கட்டினார். அப்புறம் மல்டிமீட்டரை எடுத்து, ஜெனரேட்டரின் நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தார். அதுவும் இல்லை. நியூட்ரல் அந்தரத்தில் நின்றது. இப்படி இருந்தால் ஒருவரைக் கரண்ட் பிடித்தாலும் வீட்டில் உள்ள ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கிற சுவிட்ச்) விழாது. எர்த்துக்குக் கசிகிற கரண்ட் ஜெனரேட்டருக்குத் திரும்பி வர வழி கிடையாதே. "நான் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்தேனே, டக்கென்று விழுந்ததே" என்றேன். அவர் சிரித்தார். அந்தப் பட்டன் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவிலேயே சுற்றை முடித்துக்கொள்கிறது, எர்த்தைத் தொடுவதே இல்லை. எர்த் இல்லாமலும் அது விழத்தான் செய்யும். நானாக ஆன் செய்திருந்தால் அந்தப் பட்டனை நம்பிக்கொண்டே வருஷக்கணக்கில் ஓட்டியிருப்பேன்.

நீங்கள் யாராவது முழுசாகத் தாங்களே முடித்தீர்களா? எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்று எழுதுங்கள்.

*

நான் லைன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்த இடத்தில் கையை நிறுத்தினீர்களே, அதற்கே நன்றி.

சேஞ்ச் ஓவர் எதற்கு, ஒரு வயரின் இரண்டு முனையிலும் ஆண் பிளக்கைப் போட்டு சாக்கெட்டில் சொருகினால் வீடு முழுக்கக் கரண்ட் வருமே என்று செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வரும், வீட்டுக்கு மட்டும் இல்லை. மெயினை ஆஃப் செய்ய மறந்தால் அது தெருவுக்கும் போகும். டிரான்ஸ்பார்மருக்கு எது முன் எது பின் என்று தெரியாது. நீங்கள் 230 வோல்ட்டை இந்தப் பக்கம் கொடுத்தால் அது அந்தப் பக்கம் 11,000 வோல்ட்டாகத் தரும்.

ஒரு மழை இரவில் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுத்தான் கம்பத்துக்குப் போனோம். ஏறுவதற்கு முன் லைனில் கரண்ட் இருந்தால் கத்துகிற டிடெக்டர் கம்பை அருகே நீட்டினால் கத்துகிறது. கம்பு கெட்டுவிட்டதோ என்று வேறொன்றை வாங்கி நீட்டினோம், அதுவும் கத்தியது. வண்டி எஞ்சினை அணைத்துவிட்டுக் காதைக் கொடுத்தால், இருட்டில் எங்கோ ஒரு வீட்டில் மெஷின் சத்தம். நாலு தெரு நடந்து அந்தக் கதவைத் தட்டினோம். பாவம், அவருக்கு விஷயமே தெரியாது, டீ வேண்டுமா என்று கேட்டார். அந்தக் கம்பு இல்லாமல் ஏறியிருந்தால் இதை எழுத நான் இல்லை.

*

என் கதை சின்னது. ஆட்டோ பேனலில், அதான் அந்த சேஞ்ச் ஓவர் டப்பாவில், ஒரு வயரை மாற்ற வேண்டியிருந்தது. ரொம்ப ஜாக்கிரதையாக மெயினை ஆஃப் செய்துவிட்டு மூடியைக் கழற்றினேன். பத்து நொடிதான். வெளியே மெஷின் உறுமியது. கரண்ட் போய்விட்டது என்று அது நினைத்துக்கொண்டது, அதன் வேலையை அது பார்த்தது! ஸ்குரூ டிரைவர் கையில், முகத்துக்கு நேரே, லோடை மெஷினோடு சேர்க்கிற கான்டாக்டர் சுவிட்ச் டப்பென்று சேர்ந்தது. இப்போதெல்லாம் முதலில் ஜெனரேட்டரை ஆஃபில் வைத்து, பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளாமல் எதையும் தொடுவதில்லை.

*

என்னுடையது கேஸில் ஓடுவது. லோடு இல்லாமல் பூனை மாதிரி ஓடும். ஏசியைப் போட்டால் இருமிவிட்டு நின்றுவிடும். ஸ்பார்க் பிளக் மாற்றினேன், ஃபில்டர் மாற்றினேன், கம்பெனி ஆளைத் திட்டினேன். கேஸ் அழுத்தத்தையும் அளந்தேன், சரியாகத்தான் காட்டியது. நிற்கும்போது அளந்ததுதான் தப்பு. முழு லோடில் ஓடவிட்டு அளந்தால் முள் விழுகிறது. அடுப்புக்காகப் போட்டிருந்த அரை அங்குலக் குழாயிலிருந்தே கிளை எடுத்திருந்தேன், அதுவும் நீளமான ஓட்டம். பெரிய விட்டத்தில் தனிக் குழாய் போட்ட அன்றைக்கே சரியானது. கேஸ் வேலையை நான் தொடவில்லை, அதற்கென்று உள்ளவர்தான் செய்தார்.

*

கரண்ட், கேஸ் எல்லாம் எழுதினீர்கள். புகையைப் பற்றி யாருமே எழுதவில்லை.

எங்கள் மெஷின் வெளியில்தான் இருந்தது, நல்ல காற்றோட்டம். ஆனாலும் ஓடத் தொடங்கி ஒரு மணி நேரத்தில் மனைவிக்குத் தலைவலி. எனக்கும் லேசாக வாந்தி வருகிற மாதிரி இருந்தது. தூக்கம் கெட்டதால் இருக்கும் என்று படுக்கப் போனோம். ஹாலில் இருந்த கார்பன் மோனாக்சைடு அலாரம் கத்தியதால் எழுந்து வெளியே ஓடினோம். காரணம் பிறகுதான் பிடிபட்டது. சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அது வீட்டுக் காற்றை வெளியே தள்ளத் தள்ள, அந்தக் குறையை ஈடுகட்ட மெஷின் பக்கத்துச் சன்னல் இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே வந்தது, கூடவே புகையும். அந்த வாயுவுக்கு வாசமும் கிடையாது, நிறமும் கிடையாது. டீசல் நாற்றம் வரவில்லையே என்று உட்கார்ந்திருக்காதீர்கள். முதலில் எழுதியவரே, உங்கள் புகைக்குழாய்க்கும் சன்னலுக்கும் எவ்வளவு தூரம்?

*

முதலில் எழுதியவன்தான். மேடைக்கு இடம் பார்த்தபோது கேபிள் நீளத்தைத்தான் யோசித்தேன், சன்னலை யோசிக்கவில்லை. உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். குழாய் வாயிலிருந்து சின்ன அறைச் சன்னலுக்கு நாலேகால் அடி. கையேட்டை எடுத்துப் பார்த்தால் குறைந்தபட்சம் ஐந்தடி என்று படம் போட்டே காட்டியிருக்கிறான். அந்தப் பக்கத்தில் மேடையின் நீள அகலத்துக்கு நானே பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன், பக்கத்தில் இருக்கிற இதைப் பார்க்கவில்லை. அது பையன் படுக்கிற அறை.

குழாயைத் திருப்பி நீட்டினால் எஞ்சினுக்கு எதிரழுத்தம் எவ்வளவு ஏறும் என்று கம்பெனியைக் கேட்டு எழுதியிருக்கிறேன். ஒத்துவராது என்றால் மேடையை உடைக்க வேண்டியதுதான். அலாரம் இரண்டு வாங்கியாகிவிட்டது. பதில் வரும்வரை பேட்டரியின் மைனஸ் வயர் மேசை டிராயரில் இருக்கிறது.