எம்33-இல் செஃபீடு தேடுகிறேன், ஒளிவளைவு படியவே மாட்டேன் என்கிறது

நள்ளிரவன்:
10 அங்குல நியூட்டோனியன் தொலைநோக்கி, கருப்பு-வெள்ளை சிமாஸ் கேமரா. இந்தப் பருவம் முழுக்க எம்33 என்ற சுருள் விண்மீன் பேரடையை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன், அதில் செஃபீடு (சீரான கால இடைவெளியில் பொலிவு ஏறி இறங்கும் விண்மீன்) பிடிக்க. ஓர் இரவின் படங்களை அடுக்கினால் 20-ஆம் பொலிவு வரை (எண் கூடக் கூட மங்கல்) தெரிகிறது. விண்மீனைச் சுற்றி வட்டம் போட்டுத்தான் அளக்கிறேன். சுருள் கரத்தில் சிக்கல்: காற்று சரியில்லாத இரவில் எல்லா விண்மீனும் சேர்ந்தாற்போல் பொலிவு கூடிவிடுகின்றன! ஒன்று மட்டும் (சராசரி 19.4) நிஜமாகவே மாறுவதுபோல் இருக்கிறது. அலைவுக்காலம் தேடும் லோம்ப்-ஸ்கார்கிள் கணக்கில் போட்டால் 1.03 நாள் என்கிறது. செஃபீடு என்று எடுத்துக்கொள்ளலாமா?

வால்மீன்_வாசு:
எம்33 நெரிசலான இடம். ஆந்திரமேடா பேரடையில் ஹபிள் கண்டுபிடித்த வி1 செஃபீடை முயன்று பாருங்களேன். 31.4 நாள் சுழற்சி, ஊரறிந்த விண்மீன். 2010-இல் ஆவ்ஸோ (மாறும் விண்மீன் நோக்குவோர் சங்கம்) அமெச்சூர்கள் அதைப் பின்தொடர்ந்து ஒளிவளைவு (நேரத்தோடு பொலிவு மாறும் வரைபடம்) எடுத்திருக்கிறார்கள். 1923 அக்டோபர் தட்டில் ஹபிள் முதலில் நோவா என்று 'என்' போட்டு, அப்புறம் அதை அடித்துவிட்டு 'வார்!' (மாறும் விண்மீன்) என்று எழுதியது இதைத்தான்.

கழித்தல்கணக்கன்:
வி1 பயிற்சிக்கு நல்லதுதான், ஆனால் இவர் கையில் இருப்பதை விட வேண்டாம்.

முதலில் அந்த வட்டம். எம்33 தூரத்தில் 3 ஆர்க்செகண்ட் என்பது ஏறக்குறைய 40 ஒளியாண்டு அகலம். நீங்கள் ஒரு விண்மீன் என்று நினைப்பது பெரும்பாலும் ஒரு கும்பல். காற்று கலங்கினால் பக்கத்து வீட்டு வெளிச்சமும் வட்டத்துக்குள் வழிகிறது. வட்டத்தைச் சின்னதாக்கினால் தீராது, நானும் அதில் நிறையக் காலம் ஓட்டினேன். படத்தைப் படத்திலிருந்து கழியுங்கள். மிகக் கூர்மையான இரவுகளை அடுக்கி ஒரு மேற்கோள் படம் செய்து, ஒவ்வோர் இரவுக்கும் அதை அந்த இரவின் அளவுக்கு மங்கலாக்கிக் கழித்தால், மாறாதது எல்லாம் காணாமல் போகும். மிஞ்சும் கருப்பு, வெள்ளைப் புள்ளிகள்தான் உங்கள் மாறும் விண்மீன்கள். அலார்டும் லப்டனும் 1998-இல் சொன்ன வழி. ஐசிஸ் மென்பொருள் அதைத்தான் செய்கிறது. பிரகாசமான விண்மீன்களின் நடுவில் அழுக்கு மிஞ்சும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

அடுத்து 1.03 நாள். அதை நான் நம்பமாட்டேன். தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் படமெடுப்பவருக்கு ஒரு நாளை ஒட்டிய அலைவுக்காலம் வந்தாலே சந்தேகப்பட வேண்டும். நாளுக்கு ஒரு முறை மட்டும் பார்த்தால் நீண்ட சுழற்சியும் ஒரு நாள் சுழற்சிபோல் வேடம் போடும். 1-ஐ 1.03-ஆல் வகுத்தால் நாளுக்கு 0.971 சுழற்சி; 1-இலிருந்து கழித்தால் 0.029; அதாவது 34 நாள். பொலிவும் அதையே சொல்கிறது: ஒரு நாள் செஃபீடு எம்33-இல் இருந்தால் 22-ஐவிட மங்கலாக இருக்கும், உங்கள் கேமராவுக்கு எட்டவே எட்டாது. 34 நாள் செஃபீடு என்றால் 19.4 பொருத்தமான இடம். வானியலாளர் லீவிட் 1912-இல் சிறிய மெகல்லன் மேகத்தின் 25 விண்மீன்களை வைத்துக் காட்டிய தொடர்பு (அலைவுக்காலம் நீண்டால் பொலிவு கூடும்) இப்படியும் கைகொடுக்கும்.

நள்ளிரவன்:
எல்லா இரவுகளையும் 34 நாள் சுழற்சியில் மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். சரசரவென்று ஏறி, மெல்ல இறங்குகிறது!! நிலா நாட்களில் ஓட்டை இருக்கிறது, இருந்தாலும் வடிவம் தெளிவு. இதை வைத்து எம்33 தூரம் கணக்கிடலாமா ஐயா?

கழித்தல்கணக்கன்:
ஏற்றம் வேகம், இறக்கம் மெதுவு என்றால் நல்ல அறிகுறி. தூரம் இப்போது வேண்டாம். கழித்தல் மாற்றத்தை மட்டும்தான் தரும். அடிப்படைப் பொலிவை மேற்கோள் படத்தில்தான் அளக்க வேண்டும், அங்கே அந்தக் கும்பல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. கூடுதல் வெளிச்சத்தால் அலைவுக்காலம் கெடாது, வீச்சு (ஏற்ற இறக்க அளவு) சுருங்கும், எம்33 இருப்பதைவிடக் கிட்டே தெரியும். அதற்கு முன் நீல, சிவப்பு வடிகட்டிகளில் சில இரவுகள் எடுங்கள். செஃபீடு நீலத்தில் அதிகம் ஆடும். இரண்டிலும் ஒரே வீச்சு வந்தால் படத்தை இங்கே போடுங்கள், அது வேறு ஜாதி.