மொரிபிதோ மூன்றாம் பாகம் ஆங்கிலத்தில் உண்டா? உதவி தேவை

கேள்வி (வாசகி):
வணக்கம். என் மகளுக்கு 11 வயது. நஹோகோ உஎஹாஷியின் மொரிபிதோ வரிசையில் ஆங்கிலத்தில் வந்த இரண்டு நாவல்களையும் ஒரே மாதத்தில் முடித்துவிட்டாள். ஈட்டியோடு இளவரசனைக் காக்கும் பல்சாவைவிட்டு வர அவளுக்கு மனமே இல்லை. ஜப்பானிய மொழியில் முதன்மை வரிசையே 10 நூல்களாம். மூன்றாம் பாகம் என்று இணையத்தில் வாங்கினால், வேறு அட்டையோடு முதல் பாகமே வந்து சேர்ந்தது. நான் தேடும் விதம் தவறா, இல்லை மொழிபெயர்ப்பே வரவில்லையா?

பதில் (பழைய புத்தகப் பிரியன்):
நீங்கள் தேடியதில் தவறில்லை. 2008, 2009இல் வந்த அந்த இரண்டோடு ஆங்கிலப் பதிப்பு நின்றுவிட்டது. முதல் நூலுக்கு, மொழிபெயர்ப்புச் சிறார் நூல்களுக்கான அமெரிக்காவின் பாட்செல்டர் விருது கிடைத்தும் இந்த நிலை என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம். இனி வரிசைப் பெயரை விட்டுவிட்டு மொழிபெயர்ப்பாளர் பெயரைப் போட்டுத் தேடுங்கள்: கேத்தி ஹிரானோ. உஎஹாஷியின் 'தி பீஸ்ட் பிளேயர்' நாவலையும் (2018) அதன் தொடர்ச்சியான 'தி பீஸ்ட் வாரியர்' நாவலையும் அவர்தான் மொழிபெயர்த்தார். அதே கை என்பதால் நடை மாறாது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: 'தி பீஸ்ட் பிளேயர்' தொடக்கத்திலேயே எலின் என்ற சிறுமியின் தாய்க்கு மரண தண்டனை வருகிறது. முதலில் நீங்கள் படித்துவிட்டுக் கொடுங்கள்.

நொரிகோ ஓகிவாராவின் 'டிராகன் சோர்ட் அண்ட் விண்ட் சைல்ட்' நாவலும் ஹிரானோ மொழிபெயர்த்ததுதான். ஆனால் அந்த மூன்று நூல் வரிசையிலும் ஆங்கிலத்தில் இரண்டுதான் வந்திருக்கின்றன. மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மறுபடி ஏமாற வேண்டாம்.

பதில் (நூலக நண்பர்):
கேட்டுப் பார்ப்பதையும் விட்டுவிடாதீர்கள், சகோதரி. நூலகத்தில் எழுதிக் கொடுத்தால் ஏற்கெனவே அச்சில் உள்ளதைத்தான் வாங்க முடியும். மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்பது என்றால் ஆங்கிலப் பதிப்பகத்துக்கே எழுத வேண்டும். 'இன்னும் வெளியிடுங்கள்' என்று பொதுவாக எழுதாமல், எந்த நூல், அதன் மூலத் தலைப்பு, படிப்பவருக்கு என்ன வயது என்று குறிப்பாக எழுதுங்கள். நாள் கழித்தும் நல்லது நடக்கும்: எய்கோ கடோனோவின் 'கிகி'ஸ் டெலிவரி சர்வீஸ்' 2003இல் ஒருமுறை ஆங்கிலத்தில் வந்தது, 2020இல் வேறொருவர் மொழிபெயர்ப்பில் மறுபடி வந்தது.

அதுவரை மொரிபிதோ அனிமே (ஜப்பானிய அசைவூட்டத் தொடர்) இருக்கிறது, 26 பகுதிகள். ஆனால் அது முதல் நாவலின் கதைதான், மூன்றாவதற்கு ஈடாகாது.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. எலின் கதையை வரவழைக்கிறேன், நானே முதலில் படிக்கிறேன். பதிப்பகத்துக்கு மகளே கடிதம் எழுதப் போகிறாளாம், பல்சாவின் படமும் வரைந்து வைத்துவிட்டாள். மூன்றாம் நூலின் மூலத் தலைப்பு என்ன?

பதில் (நூலக நண்பர்):
'யுமே நோ மொரிபிதோ'. யுமே என்றால் கனவு, மொரிபிதோ என்றால் காவலர். படத்தையும் கட்டாயம் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.