புதுப்பிப்பு: கார் ஷெட்டில் மரவேலைப் பட்டறை, ரம்பம் சுவரை விட்டு வந்தது

10க்கு 18 அடி கார் ஷெட்டைப் பட்டறையாக்கப் போகிறேன், மேசை ரம்பத்தைச் சுவரோரம் நிறுத்தலாமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். வேண்டவே வேண்டாம் என்றீர்கள். உங்கள் பேச்சைக் கேட்டது நல்லதாயிற்று.

8 அடி பிளைவுட்டை நீளவாக்கில் அறுக்க ரம்பத்துக்கு முன்னால் 8 அடி, பின்னால் 8 அடி வேண்டும். ஷெட்டுக்குள் அது மட்டுமட்டான இடம். எனவே ரம்பத்தைப் பூட்டுச் சக்கரம் வைத்த சட்டத்தில் ஏற்றிவிட்டேன். ஷட்டரைத் திறந்தால் பலகை வாசல் பக்கம் நீண்டுகொள்கிறது. வேலை மேசையை ரம்பத்தைவிட ஒரு நூல் தாழ்வாக, 34 அங்குல உயரத்தில் அடித்தேன். அறுபட்ட பலகை வழுக்கி வந்து அதன்மேல் அமர்வதைப் பார்க்க அத்தனை மகிழ்ச்சி!

விளக்கு லைனிலிருந்தே மின்சாரம் எடுக்கலாம் என்றார் எலக்ட்ரீசியன் அண்ணன். நான் ஒப்பவில்லை. 1,800 வாட் ரம்பம் ஓடும்போது 8 ஆம்பியர்தான். கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, 30 மில்லி ஆம்பியர் மின்சாரம் கசிந்தாலே லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் போட்டாயிற்று.

தகரக் கூரையின் வெக்கை மட்டும் தீரவில்லை. கீற்று வேயலாம் என்கிறார் அப்பா. மரத்தூள் பறக்கும் இடத்தில் கீற்று என்றால் எனக்குப் பயம். வெள்ளைக் குளிர்ச்சிப் பூச்சு அடித்தவர்கள் இருந்தால், மதியம் 2 மணிக்கு உள்ளே நிற்க முடிகிறதா என்று சொல்லுங்கள்.