மறு: 'அல்ட்ரா பிராசஸ்டு' உணவுக்குத் தமிழில் என்ன சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

பாக்கெட் சூப் மாதிரி ஆலையில் கட்டியெழுப்பும் 'அல்ட்ரா பிராசஸ்டு' உணவுக்குப் பெயர் தேடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். 'மிகைப்பதப்படுத்திய உணவு', 'அதிபதன உணவு', 'மீச்செயலாக்க உணவு' என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவை, 'அல்ட்ரா'வுக்கு ஒரு முன்னொட்டு, 'பிராசஸ்'க்கு ஒரு வினை, அவ்வளவுதான். பள்ளிக்கு ஒரு சுவரொட்டி எழுத வேண்டியிருந்ததால் முதல் சொல்லை எடுத்துக்கொண்டு போய் இங்கே கடற்கரையில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஆத்தா ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். "மிகைப்பதப்படுத்திய உணவைக் குறைக்கணுமாம் ஆத்தா." அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார், "ஏன், எங்க பொழப்புல மண்ணள்ளிப் போடவா?"

அவர் கேட்டதில் தவறே இல்லை. ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கமெல்லாம் பதப்படுத்துவது என்றால் கருவாடு போடுவதுதான். சீலாவையும் கட்டாவையும் கீறிக் குடலெடுத்து, உப்பு போட்டு ஊறவைத்து, கழுவி, நாள்கணக்கில் வெயிலில் புரட்டிக் காயவைக்கிறார்கள். ஒரு மீனை இதைவிட 'மிகையாக' என்ன பதப்படுத்திவிட முடியும்? ஆனால் பிரேசிலில் சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்தின் கார்லோஸ் மோன்தெய்ரோ 2009-ல் முன்வைத்த, உணவுகளைப் பதப்படுத்தும் விதத்தைக் கொண்டு வகை பிரிக்கும் நோவா வகைப்பாட்டில் (பேழை கட்டிய நோவா இல்லை, எங்கள் ஊரில் அப்படித்தான் கேட்டார்கள்) கருவாடு நான்காம் வகையில், அதாவது 'அல்ட்ரா பிராசஸ்டு' வகையில், வரவே வராது. உப்பில்லாமல் காய்ந்த நெத்திலி முதல் வகை, உப்புக் கருவாடு மூன்றாம் வகை. எண்ணெய், உப்பு, வெல்லம் போன்ற சமையல் சேர்மானங்கள் இரண்டாம் வகை. நாம் பெயர் தேடிக்கொண்டிருக்கும் நான்காம் வகை வேறு சாதி.

அதில் வேலை கூடுதலா குறைவா என்பது கணக்கே இல்லை. கீழக்கரைத் தொதலைப் பாருங்கள். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் வெல்லமும் போட்டு, கை கழன்றுபோகும் அளவுக்குக் கிண்டி, எண்ணெய் பிரியும் வரை அடுப்பை விட்டு நகராமல் நின்று எடுக்க வேண்டும். இத்தனை பாடுபட்டும் வீட்டில் கிண்டிய தொதல் நான்காம் வகை ஆகாது. இனிப்பு அதிகம்தான், தினமும் தின்னச் சொல்லவில்லை, அது வேறு பேச்சு. ஒரு நிமிடத்தில் வெந்நீர் ஊற்றிக் குடிக்கும் பாக்கெட் சூப்போ நான்காம் வகைதான்.

இன்னொன்றும் உறுத்துகிறது. 'பதம்' நல்ல சொல். பாகு பதம், ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். பொருளை அதற்குரிய நிலைக்குக் கொண்டுவருவதைத்தான் பதம் என்கிறோம். அதற்கு முன்னால் 'மிகை'யைச் சேர்த்து பாக்கெட் தீனிக்குக் கொடுத்துவிட்டால் சமையற்காரர்களுக்கு என்ன மிஞ்சும்?

சரி, நான்காம் வகையின் உள்ளே என்னதான் நடக்கிறது? எங்கள் கடற்பாசியை வைத்தே சொல்கிறேன். மண்டபம், பாம்பன் பக்கம் பெண்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு விரலில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கி எடுக்கிறார்களே, அதில் ஒன்றுக்குப் பெயரே கஞ்சிப்பாசி. கஞ்சி காய்ச்சியதால் வந்த பெயர். அதே பாசியை ஆலையில் காய்ச்சி அகர் என்ற கூழ்ப்பொருளை மட்டும் பிரித்தால் அது பொட்டலத்தின் முதுகில் 406 என்ற சேர்பொருள் எண். மூங்கில் மிதவையில் வளர்க்கும் இன்னொரு பாசி உண்டு, 2000-களின் தொடக்கத்தில் பெப்சி நிறுவனம் ஒப்பந்தம் போட்டு வளர்க்கச் செய்ததால் இன்றும் சிலர் வாயில் 'பெப்சிப் பாசி'. அதிலிருந்து எடுக்கும் கராஜீனன் 407. ஐஸ்கிரீமும் சாக்லேட் பாலும் தண்ணீராகப் பிரிந்துவிடாமல் பிடித்துவைக்கச் சேர்ப்பார்கள். 407 என்று போட்டிருந்தாலே நஞ்சு என்று நான் சொல்ல வரவில்லை, அப்படிப் பயமுறுத்தும் வாட்ஸப் செய்திகள் போதும் போதும் என்று வந்துவிட்டன. உணவைப் பிரித்துப் பிரித்துத் தூளாக்கி, அந்தத் தூள்களோடு மாற்றிய மாவுச்சத்து, மணமூட்டி, நிறமூட்டி எல்லாம் கூட்டி, உணவு மாதிரி ஒன்றைக் கட்டுகிறார்கள் என்பதுதான் விஷயம். ஆகவே என் முன்மொழிவு: *புனைவுணவு*. புனைதல் என்றால் கட்டி உருவாக்குவது, அலங்கரிப்பதும்கூட. இரண்டுமே அங்கே நடக்கிறது.

— ஏர்வாடிப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை

----

டீச்சரம்மா,

கருவாட்டு வாதம் பிடித்தது. ஆனால் புனைவு என்றால் இன்றைக்குக் கதை. 'புனைவுணவு' என்றதும் கதையில் வரும் விருந்து என்றுதான் என் பேரன் நினைப்பான். தவிர, அரசு ஆவணங்களில் கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த உணவு என்று ஏற்கனவே ஒரு வழக்கு இருக்கிறதே, அதையே வைத்துக்கொண்டால் என்ன? அப்புறம், கெட்டதுக்கு மட்டும் பெயர் வைத்தால் போதுமா? குறைவாகப் பதப்படுத்தியது, முழு உணவு, இவற்றுக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?

— சென்னை, ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளன்

----

ஐயா,

கொழுப்பு-சர்க்கரை-உப்பு வேறு, இது வேறு. ஹைதராபாதின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட 17 வழிகாட்டுதல்களில் ஒன்றிலும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் குறைக்கச் சொல்கிறார்கள், ஒன்றாகக் குழைக்கவில்லை. அமெரிக்காவில் கெவின் ஹால் குழு 2019-ல் செய்த ஆய்வில் 20 பேரை ஆய்வகத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் நான்காம் வகை உணவும் இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார்கள். தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரு பக்கமும் ஏறக்குறைய சமம், வேண்டிய மட்டும் சாப்பிடலாம். நான்காம் வகை வாரங்களில் அவர்கள் தாமாகவே நாளுக்குச் சுமார் 500 கிலோகலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், எடையும் ஏறக்குறைய ஒரு கிலோ ஏறியது. சிறிய ஆய்வுதான். ஆனால் உப்பையும் சர்க்கரையையும் மட்டும் எண்ணினால் அகப்படாத ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது, அதற்குத் தனிப்பெயர் வேண்டும்.

உங்கள் பேரன் கதை என்று நினைத்தால் நினைக்கட்டுமே. பழமே இல்லாத பழச்சாறு கதையில்லாமல் வேறு என்ன?

இரண்டாவது கேள்விக்கு: 'குறைபதன உணவு' வேண்டாம், குறை என்றதும் ஏதோ ஊனம் மாதிரி இருக்கிறது. 'சிறுபக்குவ உணவு' என்று வைக்கலாம். காயவைத்தது, இடித்தது, உறையூற்றியது, உமி நீக்கியது எல்லாம் அதில் அடங்கும். பக்குவம் என்ற சொல்லை விளக்க எந்த வீட்டிலும் அகராதி வேண்டியதில்லை. அந்த ஆத்தாவிடமும் சொல்லிப் பார்த்தேன். "எம் மருமகளுக்கு அதுதான் வராது" என்றார்.

'முழு உணவு'தான் மாட்டிக்கொண்டது. 'முழுத்தானியம்' நிலைத்துவிட்டது, நல்லது. ஆனால் முழு உணவு என்று எழுதினால் ராமநாதபுரம் பேருந்து நிலையத்தில் இலை போட்டு அப்பளம் வைக்கும் முழுச் சாப்பாடு என்றுதான் எங்கள் பிள்ளைகள் படிப்பார்கள். 'முழுப்பொருள்' என்றால் கடவுளாகிவிடுகிறது. 'இயல்புணவு' என்று ஒருவர் தனிமடலில் அனுப்பினார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எனக்கு இயல்பு உனக்கு இயல்பில்லையே. பிஸ்கட்தான் இயல்பு என்று வளர்ந்த பிள்ளைகள் என் வகுப்பில் பாதிப்பேர்.

சுவரொட்டி வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் யாராவது ஒரு சொல் கொடுத்தால் போடுகிறேன், இல்லாவிட்டால் அந்த இடத்தில் ஒரு கை கேப்பையும் நாலு பனங்கிழங்கும் ஒரு நெத்திலியும் வரைந்துவிடுவதாக ஓவிய ஆசிரியர் சொல்லியிருக்கிறார்.