லானோ வேட்டை நிலத்தில் கொயோட்டி நடமாட்டம்: எந்த அடையாளங்களை நம்பலாம்?

கேள்வி: ஓடைக்கரை

வணக்கம். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஹில் கன்ட்ரி என்னும் குன்றுப் பகுதியில், லானோ ஊருக்குத் தெற்கே 180 ஏக்கர் நிலத்தை நானும் இரண்டு நண்பர்களும் மான் வேட்டைக்காக லீஸுக்கு எடுத்திருக்கிறோம். இது எங்களுக்கு இரண்டாவது ஆண்டு. ஜூன் கடைசியில், ஃபீடர் (மான்களுக்குத் தீவனம் போடும் கருவி) அருகே வைத்திருந்த ட்ரெயில் கேமராவில் (விலங்கு கடக்கும்போது தானாகப் படமெடுப்பது) ஒரு பெண் மான் இரண்டு கன்றுகளுடன் பலமுறை பதிவாகியிருந்தது. இடது காதில் கிழிசல் இருப்பதால் அந்த மானை எளிதில் அடையாளம் காண முடிகிறது. ஆகஸ்ட் நடுவிலிருந்து அது கன்றுகள் இன்றித் தனியாகவே வருகிறது.

சென்ற வாரம் அங்கே இரவு தங்கியபோது, ஏழெட்டு விலங்குகள் ஒரே நேரத்தில் ஊளையிடுவது போன்ற சத்தம் ஓடைப் பக்கமிருந்து கேட்டது. நிலத்தின் உரிமையாளர் அதைக் கொயோட்டி (ஓநாயைவிடச் சிறிய, நாய்க்குடும்பத்து வட அமெரிக்கக் காட்டு விலங்கு) என்கிறார். என் நண்பர் ஒருவரோ பக்கத்துப் பண்ணை நாய்கள் என்கிறார். மண்ணில் நாய்த்தடம் போன்ற தடங்கள் நிறைய இருக்கின்றன, ஆனால் வேறுபாடு எனக்குப் பிடிபடவில்லை. இந்த நிலத்தில் கொயோட்டி இருக்கிறதா என்பதையும், கன்றுகள் காணாமல் போனதற்கு அதுதான் காரணமா என்பதையும் எந்த அடையாளங்களைக் கொண்டு அறியலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1: மெஸ்கீட் நிழல்

முதலில் ஊளையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏழெட்டு என்று நீங்கள் எண்ணியது இரண்டு அல்லது மூன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரு கொயோட்டி ஒரே மூச்சில் குரலை ஏற்றியும் இறக்கியும் குரைத்தும் கீச்சிட்டும் மாற்றிக்கொண்டே போகும். அதோடு பாறைச் சரிவின் எதிரொலியும் சேரும்போது, ஒரு ஜோடியின் சத்தமே பெருங்கூட்டம் போலக் கேட்கும். கோடையின் பிற்பகுதியில் அந்த ஆண்டு பிறந்த குட்டிகளும் உடன் பாடத் தொடங்குவதால் குழப்பம் இன்னும் கூடும். ஆகவே ஊளையை வைத்து எண்ணிக்கையை முடிவு செய்யாதீர்கள்.

தடத்துக்கு வருவோம். லானோ பகுதியின் மண், கருங்கல் சிதைந்து உண்டான பருமணல். உலர்ந்திருக்கும்போது அதில் நுணுக்கமான விவரம் எதுவும் பதியாது. மழை பெய்த மறுநாள், ஓடைக்கரையின் ஈரமணலிலும் வண்டித்தடத்தின் பள்ளங்களிலும் தேடுங்கள். கொயோட்டியின் முன்கால் தடம் ஏறத்தாழ இரண்டரை அங்குல நீளமும் இரண்டு அங்குல அகலமும் கொண்ட நீள்வட்டம். பின்கால் தடம் அதைவிடச் சற்றுச் சிறியது. நடுவிலுள்ள இரண்டு விரல்களின் நகங்கள் ஒன்றையொன்று நெருங்கி, முன்னோக்கிக் கூர்மையாகப் பதியும். வெளி விரல்களின் நகங்கள் பல வேளைகளில் பதிவதே இல்லை. நாயின் தடம் வட்டமாகப் பரந்து, விரல்கள் விரிந்து, நகங்கள் மழுங்கித் தடிப்பாகத் தெரியும். பாப்கேட் (குட்டை வால் காட்டுப்பூனை) நடக்கும்போது நகத்தை உள்ளிழுத்துக்கொள்வதால், அதன் வட்டத் தடத்தில் பெரும்பாலும் நகக்குறி இருக்காது. விரல்களுக்குப் பின்னாலுள்ள பெரிய திண்டின் (பாதத்தின் மெத்தைப் பகுதி) அடிவிளிம்பில் மூன்று மடல் போன்ற வளைவுகள் தெரியும்.

இருந்தாலும், ஒரே ஒரு தடத்தைப் பார்த்து முடிவு சொல்லக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். நடுத்தர உடலமைப்புள்ள நாயின் தடமும் கொயோட்டியின் தடமும் சில நேரங்களில் அப்படியே ஒத்திருக்கும். குறைந்தது இருபது அடிகளாவது தடத்தைத் தொடர்ந்து செல்லுங்கள். கொயோட்டி வலிமையை வீணாக்காமல், கயிறு பிடித்தாற்போல நேராகப் போகும். அதன் பின்கால் பெரும்பாலும் முன்கால் பதிந்த குழியிலேயே, அல்லது அதை ஒட்டியே, விழும். வீட்டில் வயிறாரத் தின்றுவிட்டு வந்த நாய் வளைந்து, நின்று, திரும்பி, மோந்து பார்த்து அலையும்.

மறுமொழி 2: கள்ளிப்பழம்

தடம் அழிந்துவிடும், எச்சம் (மலம்) சில வாரங்கள் நிற்கும். அதனால் நான் எச்சத்தையே முதலில் தேடுவேன். கொயோட்டி அதை மறைவில் இடுவதில்லை. பாதைகள் பிரியும் இடம், கேட் அருகு, மேட்டின் உச்சி, வேலியின் மூலை எனப் பிற கொயோட்டிகள் கடந்து போகும் இடங்களில், இது தன் எல்லை என்று அறிவிப்பதற்காகவே இடும். பக்கத்தில் மண்ணைக் காலால் கீறியிருப்பதையும் காணலாம். ஒரே சந்திப்பில் புதியதும் பழையதுமாக மூன்று நான்கு கிடந்தால், அது வழிப்போக்கு விலங்கு அல்ல, அங்கேயே குடியிருப்பது.

முறுக்கிய கயிறு போல, முனை கூர்ந்து, உள்ளே மயிரும் எலும்புத் துண்டுகளும் கலந்திருப்பது குளிர்காலத்து எச்சம். ஆகஸ்ட், செப்டம்பரில் நிலைமை வேறு. அப்போது சப்பாத்திக்கள்ளிப் பழம் பழுத்திருக்கும். எச்சம் கருஞ்சிவப்பாகவும் விதைகள் நிறைந்ததாகவும் இருக்கும். மெஸ்கீட் காய்களையும் (நம் ஊர்ச் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவுதான் மெஸ்கீட்) அது விரும்பித் தின்னும். புதிதாக வருபவர்கள் இந்த விதைகளைப் பார்த்து இறைச்சி தின்னும் விலங்கு அல்ல என்று ஒதுக்கிவிடுகிறார்கள். உங்கள் பகுதியில் அதிகமாக உள்ள சாம்பல் நரியும் பழம் தின்னும் என்பதால், பருமனைப் பாருங்கள்: ஓர் அங்குலத்தை நெருங்கினால் அது நரியினுடையதாக இருப்பது அரிது. நாய் எச்சம் தீவன மாவு போல ஒரே சீராக இருக்கும்.

குச்சியால் கிளறுங்கள், கையால் தொடாதீர்கள். நாய்க்குடும்பத்து விலங்குகளின் எச்சத்தில் மனிதருக்குத் தொற்றக்கூடிய நாடாப்புழு முட்டைகள் இருக்கலாம்.

மறுமொழி 3: ஆட்டுப்பட்டி

இருபது ஆண்டுகளாக இதே பகுதியில் வெள்ளாடு வளர்க்கிறேன். மேலே எழுதிய இருவரும் சொன்னவை சரியானவை. ஆனால் கொயோட்டி இருக்கிறது என்பதும் கன்றைக் கொன்றது கொயோட்டி என்பதும் இரண்டு தனிக் கேள்விகள் என்பதைத் தயவுசெய்து மனத்தில் கொள்ளுங்கள்.

செத்த விலங்கு கிடைத்தால் கழுத்தின் தோலை உரித்துப் பாருங்கள். கொயோட்டி பொதுவாகத் தாடைக்குக் கீழே, தொண்டையைக் கவ்விப் பிடிக்கும். அந்த இடத்தில் தோலுக்கு அடியில் இரத்தம் கட்டியிருந்தால், உயிரோடு இருந்தபோது கடிபட்டது என்று பொருள். கடித்தடம் இருந்தும் இரத்தக்கட்டு இல்லையென்றால், வேறு காரணத்தால் இறந்ததை அது பின்னர் வந்து தின்றிருக்கிறது. நாய்கள் பின்தொடை, விலா, காது எனக் கண்ட இடத்தில் கடித்துக் குதறும். பல வேளைகளில் தின்பதும் இல்லை. மலைச்சிங்கமும் (பூமா) பாப்கேட்டும் மீதியை இலைதழையால் மூடிவைக்கும் வழக்கம் உண்டு.

மான்கன்றில் உள்ள தொல்லை என்னவென்றால், பிறந்து சில வாரங்களே ஆன கன்றைக் கொயோட்டி மிச்சமின்றித் தின்றுவிடும், காட்டுப்பன்றியும் அப்படியே. ஆகையால் எலும்புகூடக் கிடைக்காமல் போவதை வைத்து யாரையும் குற்றஞ்சாட்ட முடியாது. வறண்ட ஆண்டில் தாய்க்குப் பால் வற்றியும் கன்றுகள் இறப்பதுண்டு.

இந்த எட்வர்ட்ஸ் பீடபூமியில், செம்மறியும் வெள்ளாடும் பெருகியிருந்த காலத்தில், வலைக்கம்பி வேலியாலும் பொறிகளாலும் நஞ்சாலும் கொயோட்டி ஏறக்குறைய இல்லாமலே ஆக்கப்பட்டது. மந்தைகள் குறையக் குறைய அது திரும்பி வந்துகொண்டிருக்கிறது. இரண்டொன்றைச் சுட்டுவிட்டால் தீர்ந்தது என்று எண்ணாதீர்கள். ஆண்டுதோறும் 70 சதவீதம் கொல்லப்பட்டாலும் அதன் தொகை தாக்குப்பிடிக்கும் என்று கலிபோர்னியா பல்கலைக்கழகம் 1975இல் வெளியிட்ட கணினி மாதிரி ஆய்வு காட்டியது.

ஓடைக்கரை (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் மிக்க நன்றி. வியாழக்கிழமை மழை பெய்ததால் சனிக்கிழமை காலையிலேயே போய்ப் பார்த்தேன். தெற்குக் கேட்டருகே பாதை பிரியும் இடத்தில் கயிறு போன்ற எச்சம் மூன்று கிடந்தன. இரண்டில் கள்ளிவிதை, ஒன்றில் மான்மயிர். அங்கிருந்து ஒரு நீள்வட்டத் தடத்தை 26 அடி தொடர்ந்தேன். கோடு போட்டது போல நேராக வேலியின் அடியிலுள்ள பள்ளத்துக்குப் போனது. கீழ்க்கம்பியில் நுனி கறுத்த சாம்பல் மயிர் சிக்கியிருந்தது.

ஆனால் ஃபீடரைச் சுற்றியிருந்தவை மூன்றரை அங்குல அகலமான, மழுங்கிய நகங்களுடைய தடங்கள். அவை சுற்றிச் சுற்றி அலைந்திருக்கின்றன. ஆக, உரிமையாளர் சொன்னதும் சரி, நண்பர் சொன்னதும் சரி. அந்த மான்மயிர் ஒன்றை மட்டும் எப்படிப் புரிந்துகொள்வது?

ஆட்டுப்பட்டி

மயிர் அது தின்றதைச் சொல்லும், கொன்றதைச் சொல்லாது. சாலையில் அடிபட்ட மானாகவும் இருக்கலாம். வேலிப் பள்ளத்தைப் பார்த்தவாறு முழங்கால் உயரத்தில் ஒரு கேமராவைக் கட்டுங்கள். பாதைக்கு நேர்குறுக்காக வைக்காமல் சாய்வாக வைத்தால்தான் வேகமாகக் கடக்கும் விலங்கு முழுதாகப் பதிவாகும். நாய்களைப் பற்றி உரிமையாளர் வழியாகப் பக்கத்துப் பண்ணையிடம் இப்போதே பேசிவிடுங்கள். அடுத்த மே மாத இறுதியில் மான்கள் கன்று ஈனத் தொடங்குவதற்குள் அந்த நாய்கள் கட்டப்பட்டிருக்க வேண்டும்.