தென்னை நிற்கும் நகரம்

[குடும்பக் குழு, ஞாயிறு காலை]

திவ்யா: பெரியப்பா, குரூப் 4க்குப் படிக்கிறேன். 2011 கணக்குப்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் 82 சதவீதம் பேர் நகரவாசிகள் என்று போட்டிருக்கிறது. அச்சுப் பிழையா? அத்தை வீட்டைச் சுற்றி தென்னையும் ரப்பரும்தானே!

அத்தை: மக்களே, எங்களுக்கு வீட்டு வரி ரசீது பேரூராட்சியில்தான் போடுகிறார்கள். ஆனால் இப்போது விளையில் (எங்கள் தோப்பில்) தேங்காய் வெட்டு நடக்கிறது, போட்டோ அனுப்பட்டுமா?

பெரியப்பா: பிழை இல்லை. பேரூராட்சி என்று அரசு அறிவித்துவிட்டால் சென்சஸ் அதை நகரம் என்றே எண்ணும். உங்கள் மாவட்டத்தில் பேரூராட்சிகள் வரிசையாக இருக்கின்றன. நெருக்கமும் குறைவில்லை. சதுர கி.மீ.க்கு 1,111 பேர், சென்னைக்கு அடுத்த இடம்.

கார்த்தி: 😂 நான் சென்னையை ஒட்டிய மேடவாக்கத்துக்குக் குடிவந்தபோது எங்கள் அடுக்குமாடி இருந்தது கிராம ஊராட்சியில். எட்டிப் பார்த்தால் வயல் கிடையாது, டிராஃபிக்தான்.

பெரியப்பா: அதற்கும் விதி இருக்கிறது. ஊராட்சியாகவே இருந்தாலும் குறைந்தது 5,000 பேர், சதுர கி.மீ.க்கு 400 பேர், ஆண் தொழிலாளர்களில் முக்கால்வாசிப் பேர் விவசாயம் அல்லாத வேலை, இந்த மூன்றும் சேர்ந்தால் சென்சஸ் அதை நகரம் என்றே எழுதும். பஞ்சாயத்துத் தலைவர் பாட்டுக்கு இருப்பார்.

திவ்யா: அப்போ சென்னைதான் அதிகம் வளர்ந்ததா?

பெரியப்பா: அங்கேதான் எல்லோரும் சறுக்குவார்கள். 2001க்கும் 2011க்கும் நடுவில் சென்னை மாவட்டம் வளர்ந்தது 7 சதவீதம்தான். அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் கிட்டத்தட்ட 39. சென்னைக்குள் இடம் தீர்ந்துவிட்டது, வாடகை தாங்காதவன் எல்லை தாண்டிவிட்டான்.

கார்த்தி: மேடவாக்கம் அப்போது காஞ்சிபுரம் மாவட்டம்தானே. அந்த 39க்குள் நானும் ஒருவன்.

சித்தி: கிராமம் காலியாகிறது என்கிறார்களே, அது?

பெரியப்பா: மொத்தமாகப் பார்த்தால் காலியாகவில்லை. கிராமத்து ஜனம் 3.49 கோடியிலிருந்து 3.72 கோடி ஆனது. நகரம் 2.75லிருந்து 3.49க்குத் தாவியது, அதுதான் வித்தியாசம். மாவட்டங்களில் நீலகிரியில் மட்டும் மொத்த ஜனமே 7.62 லட்சத்திலிருந்து 7.35 லட்சமாகக் குறைந்தது. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் வேறு கதை. 2011 பிப்ரவரியில் பெரம்பலூர்ப் பக்கம் நானே எண்ணப் போனேன். ஒரே தெருவில் நாலு வீடு பூட்டு. திண்ணையில் இருந்த ஆயா, "எல்லாம் திருப்பூர்ல சாமி, பொங்கலுக்கு வந்துட்டுப் போயிட்டாங்க" என்றார். அவர்களைத் திருப்பூரில் இருப்பவர்களாகத்தான் எண்ணியிருப்பார்கள்.

அத்தை: சரி அண்ணா, நகரம் என்றால் எங்களுக்கு என்ன லாபம்? வரப்புக்கு அந்தப் பக்கம் ஊராட்சி, அரசின் ஊரக வேலைத் திட்டம் இருக்கிறது. இந்தப் பக்கம் கிடையாது. மண் ஒன்றுதான்.

பெரியப்பா: அதனால்தானே ஊராட்சியை மாநகராட்சியோடு சேர்க்கிறோம் என்றாலே ஜனம் மறியலுக்கு உட்காருகிறது.

திவ்யா: நான் படிப்பது எல்லாமே பழைய எண்ணா அப்போ?

பெரியப்பா: ஆமாம். 2021ல் எடுக்கவேண்டியது கொரோனாவில் தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஐத்தான் அடுத்த கணக்குக்கு நாளாக வைத்திருக்கிறார்கள். அதுவரை பரீட்சைக்கு 555தான். மாநில நெருக்கம், மறக்காதே.

திவ்யா: எழுதிக்கொண்டேன் 🙏 அத்தை, போன தடவை மாதிரி தேங்காய் அனுப்புவீர்களா?

அத்தை: நகரத்துத் தேங்காய், பரவாயில்லையா?