போர் செய்யக் கொடுத்த அதிகாரத்தைத் திருப்பி வாங்கலாமா?

உப்புவெளி டீச்சர்:
உயர்தர அரசறிவியல் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது: "பாராளுமன்றம் போருக்கு அனுமதி கொடுத்துவிட்டு, சனம் அந்தப் போரை வெறுத்த பிறகு அனுமதியைத் திருப்பி வாங்கலாமா மிஸ்?" பாடப்புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. இங்கே கொண்டுவந்திருக்கிறேன்.

அமெரிக்கக் கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 2002 ஒக்டோபரில் ஈராக் மீது படை அனுப்ப புஷ்ஷுக்குக் காங்கிரஸ் அதிகாரம் கொடுத்தது. பிரதிநிதிகள் சபையில் 296–133, செனட்டில் 77–23. 2007இல் அந்தப் போர் சனத்துக்குக் கசந்துவிட்டது. ஜோ பைடன், கார்ல் லெவின் போன்ற செனட்டர்கள் பழைய அனுமதியை நீக்கிவிட்டு, குறைந்த வேலைக்கு மட்டும் புதிதாக ஒன்று எழுதலாம் என்றார்கள். நடக்கவில்லை. கூடுதல் படை அனுப்புவதைப் பிரதிநிதிகள் சபை 246–182 என்று கண்டித்தது. வெறும் கண்டனம்தான், யாரையும் கட்டுப்படுத்தாது. படை போய்ச் சேர்ந்தது. 2002இல் கொடுத்த அனுமதியைச் சட்டப்படி நீக்கி முடித்தது 2025 கடைசியில்!

என் நிலைப்பாடு: கொடுத்த சபைக்குத் திருப்பி வாங்கும் உரிமை இருக்க வேண்டும். அதுவும் தலைவரின் கையெழுத்து இல்லாமல்.

மட்டிக்களியான்:
டீச்சர், நான் மறுபக்கம். அந்த 296 பேரும் 77 பேரும் கை தூக்கியபோது இடைக்காலத் தேர்தலுக்கு ஒரு மாதம்கூட இருக்கவில்லை. சுலபமாக வெல்லும் போர் என்று தெரிந்தது, தூக்கினார்கள். சவப்பெட்டிகள் வரத் தொடங்கியதும் "இதற்காகவா கொடுத்தோம்" என்று நழுவப் பார்த்தார்கள். இதைப் பொறுப்பான அரசியல் என்று நான் சொல்ல மாட்டேன்.

தொடங்க முதல் எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை பிடிக்கட்டும். தொடங்கிய பிறகு கட்டளை ஒரு இடத்திலிருந்துதான் வர வேண்டும். திகதி குறித்துப் பின்வாங்குவதாக அறிவித்தால், எதிரி அந்தத் திகதிவரை படுத்திருந்துவிட்டு எழும்பி வருவான். தலைவரைப் பிடிக்கவில்லையா, தேர்தலில் வீட்டுக்கு அனுப்புங்கள்.

மூதூர் நானா:
இரண்டு பேரும் வாஷிங்டனில் நிற்கிறீர்கள். கொஞ்சம் நம்ம திருகோணமலை மாவட்டத்துக்கு வாங்க.

2006 ஜூலையில் புலிகள் மாவிலாற்று அணைக்கதவைப் பூட்டினார்கள். 26ஆம் திகதி அரசாங்கத்தின் விமானத் தாக்குதல். கடைசிப் போர் அங்கிருந்துதான் தொடங்கியது. அதற்கு யார் வாக்களித்தது? 2002 பெப்ரவரியில் கையெழுத்தான போர்நிறுத்த ஒப்பந்தம் அப்போதும் காகிதத்தில் உயிரோடு இருந்தது. அரசாங்கம் அதை முறைப்படி முடித்துக்கொண்டது 2008 ஜனவரியில். ஒன்றரை வருடம் போர்நிறுத்தத்தின் கீழே போர் நடந்திருக்கிறது.

ஆகஸ்டில் நாங்கள் மூதூரை விட்டு கிளிவெட்டிப் பக்கமாக நடந்து கந்தளாய் போனோம். உம்மா ஒரு கையில் குர்ஆனும் மறு கையில் காணி உறுதியும் வைத்திருந்தா. உறுதியை ஷொப்பிங் பையில் சுற்றி, பையின் வாயை ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தா. கந்தளாய்ப் பாடசாலையில் படுத்துக்கொண்டு ரேடியோ கேட்டால், நடப்பது மனிதாபிமான நடவடிக்கையாம். போர் என்றே பேர் வைக்காததற்கு அனுமதி எங்கே, திருப்பி வாங்குவது எங்கே?

அப்புறம், "சனம் வெறுத்த போர்" என்கிறீர்கள் டீச்சர். எந்தச் சனம்? மூதூரில் வெறுத்தார்கள், சம்பூரில் வெறுத்தார்கள். 2009 மே மாதம் தெற்கில் வெடி கொளுத்திப் பாற்சோறு கொடுத்தார்கள். வாக்கெடுப்பு வைத்திருந்தால் எண்ணிக்கை எந்தப் பக்கம் விழுந்திருக்கும்?

நெறியாளர்:
2006இல் யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பதற்குத் தனி இழை இருக்கிறது. இங்கே அதிகாரம் பற்றி மட்டும் பேசுங்கள்.

மட்டிக்களியான்:
நானா கேட்டது நல்ல கேள்வி. என் பக்கத்துக்குத்தான் பலம்.

டீச்சர் கேட்கிற வசதி நம்மிடம் ஏற்கெனவே இருந்தது. பொதுப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், 1947. அதன் கீழ் வரும் அவசரகாலப் பிரகடனம் ஒரு மாதத்துக்குத்தான் செல்லும். பதினான்கு நாளுக்குள் பாராளுமன்றம் அங்கீகரிக்காவிட்டால் அதுவும் செல்லாது. காலாவதித் திகதியோடு வரும் அதிகாரம்! அமெரிக்காவில் சீர்திருத்தம் கேட்பவர்களுக்கு இது பெரிய கனவு. இங்கே என்ன நடந்தது? 2005 ஆகஸ்டில் வெளிநாட்டமைச்சர் கதிர்காமர் கொல்லப்பட்டதும் வந்த அவசரகாலம் மாதாமாதம் நீண்டு, 2011 ஆகஸ்டில்தான் போனது. போர் முடிந்து இரண்டு வருடம் கழித்து. ஒரு மாதமாவது தோற்றதா? கை தூக்க வந்தவர்கள் தூக்கினார்கள், எதிர்த்துப் பேச வந்தவர்கள் பேசினார்கள், பிறகு எல்லோரும் சாப்பாட்டுக்குப் போனார்கள்.

காகிதத்தில் கடிவாளம் இருந்தும் குதிரை நிற்கவில்லை. இன்னொரு கடிவாளம் எதற்கு?

உப்புவெளி டீச்சர்:
தம்பி, முக்கியமான துண்டை விட்டுவிட்டீர்கள். 1978 யாப்பின் 155ஆம் உறுப்புரையில் முதலில் இன்னொரு பூட்டும் இருந்தது. அவசரகாலம் தொடர்ந்து 90 நாளைத் தாண்டினால், மேலும் நீட்ட மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 1986இல் பத்தாவது திருத்தம் அதைக் கழற்றி எறிந்தது.

மட்டிக்களியான்:
அப்போது ஆட்சியிலிருந்த ஐக்கிய தேசியக் கட்சி (ஐ.தே.க.) கையில் ஆறில் ஐந்து பங்கு. அவர்களுக்கு மூன்றில் இரண்டு ஒரு பூட்டா?

உப்புவெளி டீச்சர்:
அன்றைக்கு இல்லை. 1989இலிருந்து பூட்டுத்தான். விகிதாசாரத் தேர்தல் வந்த பிறகு, அந்த வருடம் ஐ.தே.க.வுக்குக் கிடைத்தது 225இல் 125. போர் முடியும்வரை அதற்குப் பிறகு வந்த எந்தப் பொதுத் தேர்தலிலும் ஒரு கட்சியும் தனியாக 150 எடுக்கவில்லை. அந்த ஒரு வாசகம் இருந்திருந்தால் ஒவ்வொரு மாதமும் அரசாங்கம் எதிர்க்கட்சியின் கதவைத் தட்டியிருக்க வேண்டும், பேரம் பேசியிருக்க வேண்டும். போர் நின்றிருக்கும் என்று சொல்ல வரவில்லை. பேரம் இல்லாமல் நடந்திருக்காது என்கிறேன். பூட்டுப் பயன்படாது என்பதற்கு நீங்கள் காட்டிய உதாரணம், பூட்டைக் கழற்றிய பிறகு நடந்தது.

சீனக்குடாப் பெரியவர்:
பிள்ளைகளே, எங்கள் ஊருக்கு எப்போதும் மற்றவர்களுடைய போர்தான் வந்திருக்கிறது. 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் குண்டு போட்டது துறைமுகத்தில். அந்தப் போருக்குள் எங்களைக் கேட்டா இழுத்தார்கள்? எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் காட்டுப் பக்கம் போனால், அன்றைக்கு எரிந்த தாங்கியின் இரும்பு இன்னும் கிடக்கிறது.

1990 மார்ச் 24 இந்தியப் படையின் கடைசி ஆட்கள் இங்கிருந்துதான் கப்பலேறினார்கள். நான் அன்று துறைமுகத்தில் வேலை. துவக்கை முதுகில் போட்டு, ஜப்பான் டிவிப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு சிப்பாய் ஏறினான். பெட்டி விழாமல் பிடிப்பதில்தான் அவனுக்குக் கவனம். அந்தப் படையை அனுப்ப டெல்லிப் பாராளுமன்றம் வாக்களிக்கவில்லை, எடுக்கவும் வாக்களிக்கவில்லை. 1989 ஜூனில் நம்ம ஜனாதிபதி பிரேமதாச போகச் சொன்னார். ஜூலைக் கடைசியில் போகத் தொடங்கினார்கள். ஆண்டு முடிவில் ராஜீவ் தேர்தலில் தோற்றார், வி.பி. சிங் மிச்சத்தை எடுத்தார்.

மட்டிக்களியான்:
ஐயா, அதைத்தான் நானும் சொல்கிறேன். தேர்தல் செய்தது.

சீனக்குடாப் பெரியவர்:
தம்பி, சண்டை தொடங்கியது 1987 ஒக்டோபர், தேர்தல் 1989 நவம்பர். நடுவில் ஆயிரத்துக்கு மேலே இந்தியச் சிப்பாய்கள் செத்தார்கள். எங்கள் ஆட்களை யார் எண்ணியது?

மட்டிக்களியான்:
சரி ஐயா. அதற்கு என்னிடம் பதில் இல்லைதான். ஆனால் டீச்சரின் வழியிலும் அந்த உயிர்கள் தப்பியிருக்குமா? வியட்நாமைப் பாருங்கள். 1964இல் அந்தப் போருக்கு அனுமதி கொடுத்த டொங்கின் வளைகுடாத் தீர்மானம்: பிரதிநிதிகள் சபையில் 416–0, செனட்டில் 88–2. 1971 ஜனவரியில் அதே காங்கிரஸ் அதை இரத்துச் செய்தது. நிக்சன் என்ன செய்தார்? நானே தளபதி, எனக்கு அந்தத் தீர்மானமே தேவையில்லை என்று போரைத் தொடர்ந்தார்.

கையெழுத்து இல்லாமல் திருப்பி வாங்குவதையும் அங்கே செய்து பார்த்துவிட்டார்கள். 1973இல் நிக்சனின் வீட்டோவையும் (கையெழுத்திட மறுத்ததையும்) மீறிப் போர் அதிகாரச் சட்டம் கொண்டுவந்தார்கள். 48 மணித்தியாலத்துக்குள் அறிவிக்க வேண்டும், 60 நாளுக்குள் அனுமதி இல்லாவிட்டால் படையை எடுக்க வேண்டும், அதற்கு மேலதிகமாக 30 நாள். இரண்டு சபையும் தீர்மானம் போட்டால் தலைவரைக் கேட்காமலே படையைத் திருப்பலாம் என்றும் இருந்தது. 1983இல் வேறொரு வழக்கில், தலைவரிடம் போகாத அப்படியான தீர்மானம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்த வாசகமும் அத்தோடு பல்லுப் போனது. 2019இல் யேமன் போரிலிருந்து விலகும் தீர்மானம் இரண்டு சபையிலும் வென்றது. டிரம்ப் வீட்டோ செய்தார். செனட்டில் மீறிப் பார்த்தார்கள், 53–45, மூன்றில் இரண்டு எட்டவில்லை.

உப்புவெளி டீச்சர்:
நிக்சனை எது நிறுத்தியது என்பதையும் சொல்லியிருக்கலாமே. காசு. 1973 ஆகஸ்ட் 15க்குப் பிறகு இந்தோசீனாவில் குண்டு போட ஒரு சதமும் இல்லை என்று சட்டம் போட்டார்கள். அன்றோடு கம்போடியா மீதான குண்டுவீச்சு நின்றது. காசை வெட்ட நீதிமன்றம் தடை சொல்லவில்லை.

பிரிட்டனில் சட்டமே இல்லாமல் வேலை நடந்தது. 2013 ஆகஸ்ட் 29 சிரியாவில் படை நடவடிக்கைக்கான வாக்கெடுப்பில் பிரதமர் கமரன் 285–272 என்று தோற்றார். யாப்புப்படி அவர் கேட்டே இருக்க வேண்டியதில்லை. ஆனாலும் அத்தோடு விட்டுவிட்டார்.

மட்டிக்களியான்:
கமரன் தோற்றது போர் தொடங்க முதல். என் முதல் பதிவை இன்னொரு தடவை வாசியுங்கள்.

காசு விஷயம் 2007 மே மாதம் என்ன ஆனது? பின்வாங்கும் கால அட்டவணையோடு பணம் ஒதுக்கினார்கள், புஷ் வீட்டோ செய்தார், அதே மாதம் அட்டவணை இல்லாமலே பணத்தைக் கொடுத்தார்கள். சிப்பாய்க்குச் சோறு போட மறுத்தவன் என்ற பெயர் எடுக்க எந்த அரசியல்வாதிக்கும் தைரியம் வராது.

மூதூர் நானா:
கடைக்குப் போய்விட்டு வர இவ்வளவு நீண்டுவிட்டது. டீச்சர், நம்ம நாட்டுக்கு என்ன எழுதுவீர்கள்? போரையும் சமாதானத்தையும் பிரகடனம் செய்யும் அதிகாரம் யாப்பின் 33ஆம் உறுப்புரையில் ஜனாதிபதியிடம் கிடக்கிறது. புது யாப்புப் பேச்சு வரும்போதெல்லாம் இதை யாரும் தொடுவதில்லை.

உப்புவெளி டீச்சர்:
எழுதிப் பார்க்கிறேன். எந்தப் பேர் வைத்தாலும் சரி, நாட்டுக்குள்ளேயோ வெளியேயோ படை நடவடிக்கை 30 நாளைத் தாண்டினால் பாராளுமன்ற அனுமதி வேண்டும். அனுமதி ஆறு மாதத்தில் தானாகச் சாக வேண்டும். நீட்ட மூன்றில் இரண்டு. இப்படி வைத்தால் திருப்பி வாங்க யாரும் ஓட வேண்டியதில்லை, வீட்டோ செய்யவும் ஒன்றும் இருக்காது. வாக்குத் தேடி அலைய வேண்டியது போர் வேண்டும் என்பவர்தான். இந்த வாசகத்தை மாற்ற மூன்றில் இரண்டோடு சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும், 1986 மாதிரிக் கழற்ற முடியாதபடி.

மட்டிக்களியான்:
பேர் எதுவானாலும் என்றது நல்லது, அதை ஏற்கிறேன். தானாகச் சாவதும் பரவாயில்லை. ஆனால் மூன்றில் இரண்டை ஏற்க மாட்டேன். நாடு உண்மையாகவே தாக்கப்பட்டால் 76 பேர் சேர்ந்து அரசாங்கத்தின் கழுத்தைப் பிடிக்கலாம். சாதாரணப் பெரும்பான்மை போதும்.

மூதூர் நானா:
சாதாரணப் பெரும்பான்மை என்றால் 2006 திரும்ப வரும் தம்பி. சரி, இன்னொன்று கேட்கிறேன். போர் நடக்கும் மாவட்டத்து உறுப்பினர்களுக்கு ஒரு தனி இடம் வேண்டும். திருகோணமலைக்கு நாலு பேர்.

மட்டிக்களியான்:
நாலு பேர் 225ஐ மறிப்பதா? நடக்காது நானா.

மூதூர் நானா:
மறிக்கக் கேட்கவில்லை. அந்த நாலு பேரும் பேசி முடியும்வரை வாக்கெடுப்பு வைக்கக் கூடாது. இடம்பெயர்ந்தவர்களின் கணக்கு கச்சேரியிலிருந்து (மாவட்டச் செயலகம்) வந்து சபையில் வைக்கப்படாமல் நீட்டவும் கூடாது. இதற்கும் எதிர்ப்பா?

மட்டிக்களியான்:
கணக்கு வைப்பதற்கு எதிர்ப்பில்லை. பேச்சுக்கு நேர வரம்பு போடுங்கள், நாலு பேர் நாலு மாதம் பேசுவார்கள்.

மூதூர் நானா:
ஒருவருக்கு ஒரு மணித்தியாலம். டீச்சர், இதையும் சேர்த்து எழுதிப் போடுங்க. மூன்றில் இரண்டைப் பற்றி நாளைக்கு மிச்சம் அடிபடுவோம்.